டாம் அண்ட் ஜெர்ரி: 7 ஆஸ்கர் வாங்கிய ஸ்டூடியோவுக்குப் பூட்டு... 1957-ல் என்னதான் நடந்தது?

1957-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், எம்ஜிஎம் நிறுவனத்தின் கார்ட்டூன் ஸ்டூடியோவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு போன் வருகிறது. விஷயம் ரொம்பச் சுருக்கம். ஸ்டூடியோவை மூடிவிடுங்கள், ஆட்களை அனுப்பிவிடுங்கள். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் டாம் என்ற பூனையும் ஜெர்ரி என்ற எலியும் பிறந்து வளர்ந்த வீடு அது. அந்த இருவரின் துரத்தல் மட்டுமே 7 ஆஸ்கர் விருதுகளை வாங்கித் தந்திருந்தது. சரி, படங்கள் ஓடவில்லையா? ஓடின. மக்களுக்குச் சலித்துவிட்டதா? அதுவும் இல்லை. சொல்லப்போனால், சலிக்காததுதான் பிரச்னையே! 10 வருடத்துக்கு முன்பு எடுத்த டாம் அண்ட் ஜெர்ரியைத் திரும்பத் தியேட்டரில் போட்டாலும் ஜனங்கள் அதே மாதிரி சிரித்தார்கள். 'அப்புறம் எதுக்குப் புதுசு?' என்று கணக்குப் பார்ப்பவர்களுக்குத் தோன்றிவிட்டது.

நன்றாகச் செய்த வேலை, செய்தவர்களின் வேலைக்கே உலை வைத்த கதை இது. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் டாமுக்கு டாம் என்று பெயரே இல்லை

இன்று கார்ட்டூன் என்றால் டிவி, இல்லையென்றால் போன். 1930-களில் அப்படி இல்லை. கார்ட்டூன் பார்க்கத் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு முதலில் நியூஸ் ரீல், ஒரு குறும்படம், ஒரு கார்ட்டூன், அப்புறம் மெயின் படம். அதனால் பெரிய ஸ்டூடியோ ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கார்ட்டூன் தேவைப்பட்டது. இந்த ஆட்டத்தில் டிஸ்னி எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. எம்ஜிஎம் 1937-ல் சொந்தமாக ஒரு கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. அதன் தலைவர் ஃப்ரெட் க்விம்பி. படம் வரைகிறவர் இல்லை, சினிமா வியாபாரம் தெரிந்த நிர்வாகி.

அங்கேதான் இரண்டு இளைஞர்கள் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் வில்லியம் ஹன்னா, நியூ மெக்சிகோ மாகாணத்தில் பிறந்தவர், இசையில் ஈடுபாடு உள்ளவர். இன்னொருவர் ஜோசப் பார்பெரா, நியூயார்க்காரர். வங்கி வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்கு ஜோக் படங்கள் வரைந்து அனுப்பியவர். இருவருக்கும் வயது முப்பதைத் தொடவில்லை.

அவர்கள் யோசித்த கதை ரொம்பச் சாதாரணமானது. ஒரு பூனை, ஒரு எலி. ஸ்டூடியோவுக்குள்ளேயே பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். பூனையும் எலியும் அரைத்த மாவாயிற்றே, அதில் புதிதாக என்ன இருக்கிறது என்று.

1940 பிப்ரவரி 10-ம் தேதி 'புஸ் கெட்ஸ் தி பூட்' வெளியானது. அதில் பூனையின் பெயர் ஜாஸ்பர். எலிக்குப் படத்தில் பெயரே இல்லை. 'இன்னும் ஒரே ஒரு சாமானை உடைச்சாலும் உன்னை வெளியே துரத்திடுவேன்' என்று வீட்டுப் பணிப்பெண் பூனையை எச்சரிக்கிறார். இது எலியின் காதில் விழுகிறது. அவ்வளவுதான், ஆட்டம் தலைகீழ்! எலி ஒரு கண்ணாடி டம்ளரை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு வந்து 'கிட்ட வந்தா போட்டுடுவேன்' என்று மிரட்டுகிறது. உடைத்தால் யார் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பது இருவருக்குமே தெரியும். அடுத்த 18 ஆண்டுகளுக்கான விதை இந்தக் காட்சியில் இருக்கிறது: பலம் பூனையிடம், துருப்புச்சீட்டு எலியிடம்.

படம் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் திரையில் ஹன்னா பெயரும் இல்லை, பார்பெரா பெயரும் இல்லை. டைட்டிலில் இருந்தது அவர்களின் மேலாளர் ருடால்ஃப் ஐசிங்கின் பெயர் மட்டும். அந்த ஆண்டு விருதை வென்றதும் அதே ஐசிங்கின் இன்னொரு எம்ஜிஎம் படமான 'தி மில்கி வே'தான்.

இரண்டாவது பூனை எலிப் படம் எடுப்பதில் க்விம்பிக்கு ஆர்வம் இல்லை. டெக்சாஸில் தியேட்டர் நிர்வாகத்தில் இருந்த ஒரு பெண்மணி, அந்தப் பூனை எலிப் படம் மாதிரி இன்னும் வருமா என்று கடிதம் எழுதிக் கேட்ட பிறகே நிலைமை மாறியது. ஸ்டூடியோவுக்குள் பெயர் சூட்டும் போட்டி வைத்தார்கள். 'டாம் அண்ட் ஜெர்ரி' என்று எழுதிப் போட்டவர் ஜான் கார் என்ற அனிமேட்டர். பரிசு 50 டாலர். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பெயருக்குக் கொடுத்த மொத்த விலை அது.

7 நிமிடத் துரத்தலுக்கு எத்தனை ஓவியம்?

இந்தக் கதை புரிய ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள். ஒரு டாம் அண்ட் ஜெர்ரி சுமார் 7 நிமிடம். 7 நிமிடம் என்றால் 420 நொடி. பெருக்கிப் பார்த்தால் 10,080 ஃபிரேம்கள்.

வழக்கமாக ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு வைப்பார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு பாத்திரம் படம் முழுக்க அசைந்தால் அதற்கு மட்டும் சுமார் 5,000 ஓவியங்கள். துரத்தலில் அசைவது இரண்டு பேர். வேகமான ஓட்டம் என்றால் ஃபிரேமுக்கு ஓர் ஓவியம்கூடத் தேவைப்படும்.

ஒவ்வொன்றையும் முதலில் பென்சிலில் வரைய வேண்டும். பிறகு கண்ணாடி மாதிரியான செல் தாளில் மையால் நகலெடுக்க வேண்டும். பின்பக்கம் வண்ணம் தீட்ட வேண்டும். அந்தத் தாளைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, கேமராவுக்கு அடியில் ஒவ்வொரு ஃபிரேமாகப் படமெடுக்க வேண்டும். ஹாலிவுட் கார்ட்டூன் ஸ்டூடியோக்களில் மை போடுவதும் வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் டைட்டிலில் வந்ததே இல்லை.

1940 முதல் 1958 வரை ஹன்னாவும் பார்பெராவும் தந்தது 114 படங்கள். ஆண்டுக்குச் சராசரியாக ஆறு. இத்தனை பேர் சேர்ந்து, ஒரு வருடம் முழுக்க உழைத்து, மொத்தமே முக்கால் மணி நேரம்தான் சிரிப்பு!

யார் என்ன செய்தார்கள்?

வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. பார்பெரா கதைக்காரர். கதையையும் காமெடியையும் படம் படமாக வரைந்து தள்ளுவார். ஹன்னா நேரக்கணக்கு பார்ப்பவர். பூனை ஓடிவந்து சுவரில் மோத எத்தனை ஃபிரேம், மோதிய பிறகு அசையாமல் நிற்க எத்தனை, சரிந்து விழ எத்தனை என்று முடிவு செய்து அனிமேட்டர்களை வழிநடத்துவார். கேட்பதற்குக் கணக்குப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனால் சிரிப்பு இருந்ததே அதில்தான்.

ஒரு பேச்சாளர் ஜோக் சொல்லும்போது கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவாரே, அதே வித்தைதான். டாம் பள்ளத்தில் விழுவது சிரிப்பு இல்லை. விழப்போகிறோம் என்று தெரிந்து, நம்மைப் பார்த்து ஒரு முழி முழிப்பான் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு. அந்த முழிக்கு நான்கு ஃபிரேம் குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நான்கு கூடினால் ஜோக் செத்துவிடும்.

டாமின் அந்த 'ஆ...ஊ...' அலறல் ஞாபகம் இருக்கிறதா? அது ஹன்னாவின் சொந்தக் குரல்.

மூன்றாவது முக்கியமானவர் இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி. டாமும் ஜெர்ரியும் அநேகமாகப் பேசுவதே இல்லை என்பதால், வசனம் செய்ய வேண்டிய வேலையை இசை செய்தது. எம்ஜிஎம்மின் பெரிய இசைக்குழுவே அவர் கையில் இருந்தது. ஜாஸ், நாட்டுப்புறப் பாட்டு, மேற்கத்திய செவ்வியல் எல்லாம் ஒரே படத்தில் கலந்து ஓடும். 1944-ல் வந்த 'புட்டிங் ஆன் தி டாக்' படத்தில், அப்போது கச்சேரி அரங்குகளிலேயே பலருக்குப் புரியாமல் இருந்த பன்னிரு சுர முறையை ஒரு எலி ஓட்டத்துக்குப் பயன்படுத்தினார். தியேட்டரில் இருந்தவர்களுக்கு அந்தச் சங்கதி தெரியாது. காட்சி விநோதமாக இருக்கிறது என்று சிரித்தார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு படம்: 'மவுஸ் ட்ரபிள்'

இவ்வளவு உழைப்பும் திரையில் எப்படித் தெரிந்தது? 1944-ல் வெளியான 'மவுஸ் ட்ரபிள்' நல்ல உதாரணம். ஆஸ்கர் வாங்கிய படம்.

கதை ஒரே வரி. எலி பிடிப்பது எப்படி என்று ஒரு புத்தகம் டாமுக்குத் தபாலில் வருகிறது. அத்தியாயம் அத்தியாயமாக அதைப் பின்பற்றுகிறான். ஒவ்வொன்றிலும் தோற்கிறான்.

முதலில் எலிப்பொறி. ஜெர்ரி அலுங்காமல் சீஸை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பொறியில்தான் ஏதோ கோளாறு என்று டாம் லேசாக விரலை வைத்துப் பார்க்கிறான். 'டப்!' அடுத்து, மூலையில் மாட்டிய எலி எதிர்த்துச் சண்டை போடாது என்கிறது புத்தகம். நம்பிப் போன டாம் செம அடி வாங்கித் திரும்புகிறான். பரிசுப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டால் ஜெர்ரி முதலில் ஊசியால் குத்துகிறான், பிறகு ரம்பத்தை எடுக்கிறான். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைப் பெண் எலியை வைத்து மயக்கப் பார்த்தால், கடைசியில் அந்தப் பொம்மையை டாமே விழுங்கித் தொலைக்கிறான். அதன்பிறகு அவன் விக்கும்போதெல்லாம் பொம்மையின் குரல்தான் வெளியே வருகிறது.

கடைசியில் பொறுமை போய், ஜெர்ரியின் வளையைச் சுற்றி வெடிகளை அடுக்குகிறான். வீடே போய்விடுகிறது. ஜெர்ரியின் வளை மட்டும் அப்படியே நிற்கிறது. டாம் மேகத்தில் ஏறி மேலே போகிறான்.

கவனித்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட ஒரு படி பெரியது. விரலில் தொடங்கி வீட்டில் முடிகிறது. இன்னொன்று, டாமைத் தோற்கடிப்பது பாதி நேரம் ஜெர்ரி இல்லை. டாமின் பிடிவாதம்தான். புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் அவனுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. அடி வாங்குகிறவன் மேல் நமக்கு ஒரு பரிதாபமும் கூடவே வருகிறதே, அது இதனால்தான்.

அப்புறம், மேகத்தில் ஏறிப் போனவன் அடுத்த படத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்பான். இந்த உலகத்தின் முதல் விதி அது. அந்த விதி இல்லையென்றால் இது காமெடி இல்லை, கொடூரம்.

7 ஆஸ்கர்... யார் கைக்குப் போனது?

1943 முதல் 1946 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கும் தொடர்ச்சியாக, பிறகு 1948, 1951, 1952 ஆண்டுகளுக்கும் என மொத்தம் 7 ஆஸ்கர். கார்ட்டூன் குறும்பட விருது தயாரிப்பாளருக்கு உரியது. அதனால் 7 சிலைகளையும் பெற்றவர் ஃப்ரெட் க்விம்பி. முதலில் 'பூனை எலியே போதும்' என்று ஒதுக்கப் பார்த்த அதே க்விம்பி. டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கிய இருவரும் அந்த மேடையில் இல்லை.

சாதாரண ரசிகருக்கு ஹன்னா, பார்பெரா பெயர்கள் தெரிந்திருக்க வாய்ப்பே குறைவு. ஆனால் ஜெர்ரியைத் தெரியாதவர் இல்லை. 1945-ல் 'ஆங்கர்ஸ் அவே' படத்தில் நடிகர் ஜீன் கெல்லியோடு சேர்ந்து ஜெர்ரி நடனம் ஆடினான். மனிதரும் கார்ட்டூனும் சேர்ந்து ஆடும் அந்தக் காட்சி இன்றும் சினிமா மாணவர்களுக்குப் போட்டுக் காட்டப்படுகிறது.

1955-ல் க்விம்பி ஓய்வு பெற்றார். ஒருவழியாக ஹன்னாவும் பார்பெராவும் தயாரிப்பாளர் நாற்காலிக்கு வந்தார்கள். அந்த நாற்காலி இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை.

பழைய படமே புதுப் படத்துக்குப் போட்டி

ஏன் நிலைக்கவில்லை? காரணம் மூன்று.

*ஒன்று, தியேட்டர்.* ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் படமும் எடுத்தன, தியேட்டர் சங்கிலிகளையும் வைத்திருந்தன. பல படங்களை ஒரே மூட்டையாகக் கட்டித் தியேட்டர்களின் தலையில் கட்டவும் முடிந்தது. 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுன்ட் வழக்கில் இதற்குக் கடிவாளம் போட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டியிருந்தது. கட்டாயம் போய், தியேட்டர்காரர் விரும்பினால்தான் கார்ட்டூன் என்றாகிவிட்டது.

*இரண்டு, டிவி.* 1950-களில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. தியேட்டருக்குப் போகும் கூட்டம் குறைந்தது.

*மூன்று, கார்ட்டூனின் ஆயுசு.* மற்ற இரண்டும் எல்லா ஸ்டூடியோவுக்கும் பொது. இது டாமுக்கும் ஜெர்ரிக்கும் ரொம்பவே பொருந்தியது. நியூஸ் ரீல் ஒரு வாரத்தில் பழசாகிவிடும். நடிகர்களுக்கு வயசாகும், உடையின் ஃபேஷன் மாறும். ஆனால் டாமுக்கு வயசே ஆகாது. பேச்சு இல்லாததால் அந்தக் காலக் கொச்சை என்ற சிக்கலும் இல்லை. 1945-ல் எடுத்ததை 1955-ல் போட்டால் புதுத் தலைமுறைக் குழந்தைகளுக்கு அது புதுப் படம்தான்.

பழைய படத்தை மறுவெளியீடு செய்தால், புதுப் படம் தரும் வருமானத்தில் சுமார் 90 சதவிகிதம் வந்துவிடுகிறது என்று எம்ஜிஎம் கணக்குப் போட்டது. ஹன்னா, பார்பெரா தரப்பிலிருந்து பின்னாளில் சொல்லப்பட்ட கணக்கு இது. ஒரு பக்கம் பல பத்தாயிரம் டாலர் செலவழித்து, ஒரு பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுத்து எடுக்கும் புதுப் படம். இன்னொரு பக்கம் பிரின்ட் போடும் செலவோடு முடியும் பழைய படம். வித்தியாசம் வெறும் 10 சதவிகிதம் என்றால் எந்தக் கணக்காளரும் யோசிக்கவே மாட்டார்.

போன் வந்தது. ஸ்டூடியோ மூடப்பட்டது. ஏற்கெனவே முடித்து வைத்திருந்த படங்களை எம்ஜிஎம் மெதுவாக வெளியிட்டது. 1958 ஆகஸ்டில் வந்த 'டாட் வாட்சர்ஸ்' கடைசி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஹன்னாவும் பார்பெராவும் டிஸ்னியிடம் தோற்கவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய தங்களிடமே தோற்றார்கள். அவர்கள் சுமாரான படங்களை எடுத்திருந்தால், பழசு மதிப்பிழந்து புதுசுக்குத் தேவை இருந்திருக்கும்.

டை கட்டிய கரடியின் ரகசியம்

வேலை போன இருவரும் இயக்குநர் ஜார்ஜ் சிட்னியோடு சேர்ந்து அதே 1957-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். தியேட்டரை விட்டுவிட்டு நேராக டிவிக்குப் போனார்கள். டிசம்பரில் 'தி ரஃப் அண்ட் ரெடி ஷோ' வந்தது. ஐந்து நிமிடப் பகுதி ஒன்றுக்குக் கிடைத்தது சுமார் 3,000 டாலர். தியேட்டர் கார்ட்டூனின் பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் அது காபிச் செலவு.

இந்தக் காசில் 12 ஓவியத்தில் ஒரு நொடி ஓடவைக்க முடியாது. அதனால் அசைவைக் குறைத்தார்கள். உடம்பு ஒரே ஓவியம், தலை மட்டும் ஆடும். சில சமயம் வாய் மட்டும்தான். யோகி கரடி கழுத்தில் காலரும் டையும் ஏன் இருக்கின்றன தெரியுமா? ஆடும் தலைக்கும் ஆடாத உடம்புக்கும் இடையிலான ஒட்டு தெரியாமல் மறைக்கத்தான்!

அசைவு குறைந்த இடத்தைப் பேச்சு நிரப்பியது. துரத்துவதற்குப் பதில் பாத்திரங்கள் வாயாடின. ஓடினால்கூட, பின்னால் அதே மரமும் அதே வீடும் திரும்பத் திரும்ப வரும். ஆனால் வெற்றி பெரியது. 'தி ஹக்கிள்பெரி ஹவுண்ட் ஷோ' எம்மி விருது வென்றது. 1960-ல் 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' இரவு நேர டிவியைப் பிடித்தது. மேடையும் வெளிச்சமும் இப்போது அவர்கள் பெயருக்கே வந்தன. எம்ஜிஎம்மில் வேலை இழந்த பலருக்கு அங்கே மறுபடி வேலையும் கிடைத்தது.

இழந்தது என்ன என்பது 1975-ல் தெரிந்தது. அதே ஹன்னா பார்பெரா கம்பெனி டிவிக்காகப் புதிய டாம் அண்ட் ஜெர்ரி தொடர் எடுத்தது. வன்முறை கூடாது என்ற டிவி விதிகள் வேறு. விளைவு, டாமும் ஜெர்ரியும் நண்பர்கள்! ஜெர்ரி கழுத்தில் சிவப்பு போ டை. துரத்தல் சுத்தமாகக் காணோம். பாத்திரங்கள் இருந்தார்கள், படைத்தவர்களும் இருந்தார்கள். ஓடவைக்கும் 5,000 ஓவியங்கள் மட்டும் இல்லை.

மனசு மாறிய எம்ஜிஎம்

'பழசே போதும்' என்ற முடிவு எத்தனை நாள் தாங்கியது? நான்கே வருடம். 1961-ல் எம்ஜிஎம் திரும்பவும் புது டாம் அண்ட் ஜெர்ரி கேட்டது, இந்த முறை மலிவு விலையில். வேலை போனது அன்றைய கம்யூனிச செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரத்துக்கு. இயக்குநர் ஜீன் டைச், அமெரிக்கர். பட்ஜெட் படத்துக்கு 10,000 டாலர். அங்கிருந்த கலைஞர்கள் சில பழைய படங்களை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வரைய வேண்டியிருந்தது. டைட்டிலில் பிராக் பெயர் வரவில்லை, செக் கலைஞர்கள் சிலரின் பெயர்கள் ஆங்கிலப் பெயர்கள் மாதிரி மாற்றிப் போடப்பட்டன. 13 படங்கள் வந்தன. ரசிகர்கள் இன்றும் 'இது ஏதோ கனவு மாதிரி இருக்கே' என்று சொல்வது இந்தப் படங்களைத்தான். திறமைக் குறைவு என்று அவர்களைத் திட்டுவது நியாயம் இல்லை. 17 வருடப் பழக்கத்தில் வந்த கைப்பக்குவத்தை ஐந்தாறு படம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

1963-ல் பொறுப்பு சக் ஜோன்ஸிடம் போனது. ரோட் ரன்னரை உருவாக்கிய மேதை. 1967 வரை 34 படங்கள் எடுத்தார். அழகான படங்கள்தான், ஆனால் அது வேறு ஜாதித் துரத்தல். பாலைவனத்தில் பறவையைத் துரத்தும் ஓநாய்க்குப் பொருந்திய நிதானம், வீட்டுக்குள் முட்டி மோதும் பூனைக்கு முழுசாகப் பொருந்தவில்லை.

திரும்பி வந்தது சிரிப்பு மட்டும் இல்லை

பழைய படம் திரும்ப வரும்போது அதன் கறையும் சேர்ந்துதான் வரும். முதல் படத்தில் டாமை மிரட்டும் பணிப்பெண் ஒரு கறுப்பினப் பெண். முகம் காட்டாமல், பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே மட்டும் காட்டுவார்கள். பெரும்பாலான படங்களில் குரல் கொடுத்தவர் நடிகை லில்லியன் ராண்டால்ஃப். அந்தக் கால அமெரிக்கா கறுப்பினப் பெண்களைப் பற்றி வைத்திருந்த கேலி பிம்பம் அப்படியே அந்தப் பாத்திரத்தில் இருந்தது. வெடி வெடித்ததும் பாத்திரத்தின் முகம் கரியாகிக் கறுப்பினத்தவரைப் போலாகும் 'ஜோக்'கும் பல படங்களில் உண்டு.

1960-களில் படங்கள் அமெரிக்க டிவிக்கு வந்தபோது, சில இடங்களில் அந்தப் பெண்ணை அழித்துவிட்டு வெள்ளையினப் பெண்ணாக வரைந்து, குரலையும் மாற்றினார்கள். இன்று வேறு வழி. 2014-ல் அமேசான் தளத்தில் இந்தப் படங்களுக்கு முன்னால், இதில் இனப் பாகுபாட்டுச் சித்திரிப்புகள் உண்டு என்ற எச்சரிக்கை போடப்பட்டது செய்தியானது. அழிப்பதைவிடச் சொல்லிவிட்டுக் காட்டுவது நேர்மையானது. அழித்துவிட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

எந்த டாம், யாருடைய டாம்?

அடுத்த முறை ஒரு கிளிப் கண்ணில் பட்டால், இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்:

• டாம் புசுபுசுவென்று, சில நேரம் நான்கு காலில் நடந்தால் 1940-களின் தொடக்கம்.
• பளபளப்பான வண்ணம், வேகம், பிராட்லியின் இசைக்குழு என்றால் 1943 முதல் 1953 வரை. ஆஸ்கர் காலம்.
• அகலத் திரை, தடிமனான கோடு, தட்டையான பின்னணி என்றால் 1950-களின் இறுதி. ஸ்டூடியோவின் கடைசிக் காலம்.
• விநோதமான எதிரொலிச் சத்தம் என்றால் பிராக்.
• சிங்கம் கர்ஜிக்கும் இடத்தில் டாம் வந்து 'மியாவ்' என்றால் சக் ஜோன்ஸ்.
• ஜெர்ரி கழுத்தில் போ டை என்றால் 1975. துரத்தலை எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியில் ஜெயித்தது யார்?

கணக்கு மட்டும் பார்த்தால் நூலகம்தான். 1986-ல் டெட் டர்னர் எம்ஜிஎம்மின் பழைய படங்களை வாங்கினார். 1991-ல் ஹன்னா பார்பெரா கம்பெனியையும் வாங்கினார். 1957-ல் பிரிந்த இரண்டு பாதியும் ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்தன. 1992-ல் அவற்றைப் போட்டே கார்ட்டூன் நெட்வொர்க் சேனல் தொடங்கியது. 1995-ல் அந்தச் சேனல் இந்தியாவுக்கு வந்தபோது, இங்கே 90ஸ் கிட்ஸ் விழுந்து விழுந்து சிரித்த பல படங்கள் அவர்களின் தாத்தா பாட்டி காலத்தில் வரையப்பட்டவை. வசனமே இல்லாததால் டப்பிங்கும் தேவைப்படவில்லை. பழசுக்குக் காசு உண்டு என்று 1957-ல் கணக்குப் போட்டவர்கள், அந்த ஒரு விஷயத்தில் தப்பே செய்யவில்லை.

ஆனால் அந்தப் பழசு எல்லாமே ஒரு காலத்தில் யாரோ சம்பளம் கொடுத்து எடுக்கவைத்த புதுசு. 1957-க்குப் பிறகு அந்த 114 படங்களோடு 115-வது சேரவே இல்லை. வந்தவை வேறு கை, வேறு பட்ஜெட். இன்று ரீமேக், ரீ-ரிலீஸ், பழைய கன்டென்ட்டை வைத்தே ஓடும் தளங்கள் என்று பேசும் எவருக்கும் இந்தக் கணக்கு பழக்கப்பட்டதுதான். நூலகத்தின் வருமானம் எக்செல் ஷீட்டில் தெரியும். எடுக்காமல் விட்ட படத்துக்கு அதில் கட்டமே இருக்காது.

ஹன்னா 2001-ல் மறைந்தார். பார்பெரா அதற்குப் பிறகும் ஒரு டாம் அண்ட் ஜெர்ரி குறும்படத்துக்குக் கதை எழுதி, ஸ்டோரிபோர்டு வரைந்து, இணைந்து இயக்கினார். 'தி கராத்தே கார்ட்', 2005. அப்போது அவருக்கு வயது 94. அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார். அந்தப் படத்தில் டாமும் ஜெர்ரியும் நண்பர்கள் இல்லை. பூனை துரத்துகிறது, எலி ஓடுகிறது.